கீபோர்டில் சுருதி முதலில், டோன் பிறகு: புதியவர்களுக்கான வழி

புதிய சிந்தசைசர் கைக்கு வந்ததும் நாம் நேராக டோன் பட்டியலில் இறங்கிவிடுகிறோம். நூற்றுக்கணக்கான ஒலிகளைத் தட்டிப் பார்ப்பதில் மாலை முழுவதும் கழிந்துவிடும். மறுநாள் பஜனையில் பாடகர் சுருதி கேட்டால் விரல்கள் தடுமாறும். மும்பையின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ பஜனைக் குழுவுக்கு வாசிக்கத் தொடங்குபவர்களுக்கும், தாராவி தேவாலயங்களின் பாடற்குழுவில் அமர்பவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: அமைப்புகளை முதலில் சரிசெய்யுங்கள், டோனைப் பிறகு தேடுங்கள். சுருதியும் தொடுகையும் சரியாக இல்லாதபோது நல்ல டோன்கூடத் தவறாகத்தான் கேட்கும்.

படி 1: இயக்கும் முன்

அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவும் முனைக்குறியும் (+, – குறி) கீபோர்டின் பின்புறம் உள்ளவற்றுடன் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வால்யூமைக் குறைத்துவைத்து, முதலில் கீபோர்டையும் பிறகு ஆம்ப்ளிஃபயரையும் இயக்குங்கள். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில்.

தானாக அணையும் வசதியையும் இப்போதே நிறுத்திவிடுங்கள். பல கீபோர்டுகள் அரை மணி நேரம் தொடாமல் இருந்தால் அணைந்துவிடும். நடுவில் உபன்யாசம் நீண்டால், அடுத்த பாட்டுக்குக் கை வைக்கும்போது ஒலி வராது. அமைத்தவையும் பெரும்பாலும் அழிந்திருக்கும்.

படி 2: சுருதி

இதில் அவசரம் வேண்டாம். பாடகர் தன் ஸட்ஜத்தைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார். நம் வழக்கில் ஒரு கட்டை என்பது சி, 2 கட்டை டி, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி. அரைக் கட்டைகள் கறுப்பு. 1½ கட்டை சி ஷார்ப், 5½ கட்டை ஜி ஷார்ப். மும்பையில் தபலா வாசிக்க வருபவர் வேறு கணக்கில் பேசுவார். அவருக்கு வெள்ளைக் கட்டைகள் தனி வரிசை, கறுப்புக் கட்டைகள் தனி வரிசை. ‘காளி ஏக்’ என்றால் முதல் கறுப்பு, அதாவது நம் 1½. நம் 5½ அவருக்கு நான்காவது கறுப்பு. வெறும் ‘பாஞ்ச்’ என்று மட்டும் சொன்னால் கறுப்பா வெள்ளையா என்று கேட்டுவிடுங்கள். வெள்ளை என்றால் 5 கட்டை, கறுப்பு என்றால் 6½ கட்டை.

ட்ரான்ஸ்போஸ் என்பது கீபோர்டு முழுவதையும் அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக ஏற்றி இறக்கும் வசதி. எல்லாச் சுருதியிலும் விரல் பழகும்வரை அதைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. ஸட்ஜத்தைச் சி கட்டையிலேயே வைத்து வாசியுங்கள். 1½ கட்டைக்கு +1, 2 கட்டைக்கு +2, 4 கட்டைக்கு +5. ஐந்து கட்டைக்கு –5, 5½ கட்டைக்கு –4. கூட்டுவதா கழிப்பதா என்ற குழப்பம் வந்தால் சி-யிலிருந்து எந்தப் பக்கம் கிட்டே இருக்கிறதோ அந்தப் பக்கம் போங்கள். ஆக்டேவ் பொத்தான் வேறு. அது ஸ்தாயியை மட்டுமே மாற்றும்.

ட்யூனிங் என்பது இன்னும் நுண்ணியது. கீபோர்டில் ‘ஏ’ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில் இருக்கும். கூடவே பழைய ஹார்மோனியம் இருந்தால் அதன் நாக்குகள் சற்று ஏறியோ இறங்கியோ இருக்கலாம். மிருதங்கத்தைத் தட்டிச் சேர்த்துக்கொள்ளலாம், ஹார்மோனியத்தை மேடையில் மாற்ற முடியாது. ஆகவே விட்டுக்கொடுக்க வேண்டியது கீபோர்டுதான். இரண்டிலும் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து, அலைபோல் வரும் அதிர்வு நிற்கும்வரை ட்யூனிங் எண்ணை மெதுவாக நகர்த்துங்கள்.

படி 3: தொடுகை

பியானோ, வீணை போன்ற ஒலிகளுக்கு டச் வசதி இயங்கட்டும். அழுத்தினால் பெரிதாகவும் மெல்லத் தொட்டால் சிறிதாகவும் கேட்கும். ஆர்கன் ஒலிகளுக்கு அதை நிறுத்திவிடுங்கள். உண்மையான ஆர்கனில் விரலின் வேகம் ஒலியளவை மாற்றுவதில்லை.

படி 4: டோன் தேர்வு

கீபோர்டு ஒலிகளுக்கு எண் கொடுக்கும் ஜெனரல் மிடி என்ற பொது வரிசை 1991-இல் வந்தது. 128 ஒலிகள், எட்டெட்டாகப் பதினாறு குடும்பங்கள். 1 பியானோ, 20 தேவாலய ஆர்கன், 21 ரீட் ஆர்கன், 41 வயலின், 74 புல்லாங்குழல், 105 சித்தார், 112 ஷெனாய். வீணையும் நாதஸ்வரமும் இந்த வரிசையில் இல்லை. ஹார்மோனியத்துக்குப் பதிலாக 21-ஐ முயலலாம். இந்தியாவுக்கென வரும் மாடல்களில் நம் கருவிகளின் ஒலிகள் தனியாக இருக்கும், அவற்றை முதலில் தேடுங்கள். பேனலில் வேறு எண்கள் இருந்தால் கையேட்டின் டோன் பட்டியலைப் பாருங்கள்.

பெயரைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். பாடப்போகும் பாட்டின் ஒரு வரியை எடுத்து, அதே வரியை ஒவ்வொரு டோனிலும் வாசியுங்கள். முதலில் மெதுவாக, பிறகு பாட்டின் வேகத்தில். ஸ்ட்ரிங்ஸ் ஒலிகள் சிலவற்றில் சத்தம் மெல்ல எழும். விருத்தத்துக்கு அது மிகப் பொருத்தம், வேகமான நாமாவளியில் தாளத்துக்குப் பின்தங்கும். அந்த எழுச்சியைக் கட்டுப்படுத்துவது அட்டாக். விரலை எடுத்த பின் ஒலி நீடிப்பது ரிலீஸ். ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலங்கினால் ரிலீஸைக் குறையுங்கள், சஸ்டெயின் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒலி கூர்மையாகக் காதைக் குத்தினால் கூர்மையைக் குறைக்கும் ஃபில்டரின் கட்ஆஃப் அளவைச் சற்று இறக்குங்கள்.

எந்த ஸ்தாயியில் வாசிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மேற்கத்திய புல்லாங்குழல் பெரும்பாலும் நடு சி-க்கு (கீபோர்டின் நடுவில் உள்ள சி) கீழே போவதில்லை. கீபோர்டில் அதற்குக் கீழே அழுத்தினாலும் ஏதோ ஒலி வரும், ஆனால் அதில் குழலின் மூச்சு இருக்காது.

கமகத்துக்குக் கட்டைகள் போதா. ஸ்வரத்தை வழுக்கி ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் உள்ள மாடலானால் அதன் அளவை 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுதும் தள்ளினால் ஸட்ஜம் சதுஸ்ருதி ரிஷபத்தைத் தொடும். அதற்குள் எங்கே நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சிக்குத் தினமும் நேரம் ஒதுக்குங்கள்.

படி 5: சேர்ப்பதும் பிரிப்பதும்

லேயரில் இரண்டு டோன்கள் சேர்ந்து ஒலிக்கும். பாலிஃபனி (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஸ்வரங்களின் எண்ணிக்கை) 64 உள்ள கீபோர்டில் இரண்டு டோன் சேர்ந்தால் ஒரே நேரத்தில் பிடிக்கக்கூடிய ஸ்வரங்கள் பாதியாகும். ஸ்ப்லிட் செய்தால் கீபோர்டு இரண்டு டோன்களாகப் பிரியும்: இடக்கையில் ஸட்ஜ பஞ்சமம், வலக்கையில் குழல். பளிங்குத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள கூடத்தில் எதிரொலி தானாகவே கிடைக்கும், அங்கே கீபோர்டு சேர்க்கும் எதிரொலியான ரிவெர்பைக் குறைத்துவிடுங்கள்.

படி 6: சேமிப்பு

பெரும்பாலான மாடல்களில் மெமரி அல்லது ஸ்டோர் பொத்தானைப் பிடித்தபடி ஒரு எண்ணை அழுத்தினால் டோன், ட்ரான்ஸ்போஸ், ஸ்ப்லிட் எல்லாம் பதிவாகும். பாடும் வரிசைப்படி எண்களைக் கொடுங்கள். பிறகு கீபோர்டை அணைத்து மீண்டும் இயக்கி, ஒவ்வொரு எண்ணையும் அழுத்தி ஸட்ஜத்தை வாசித்துப் பாருங்கள். ட்யூனிங் அளவைச் சில மாடல்கள் இதில் சேர்ப்பதில்லை. அதைத் தனியே ஒரு தாளில் எழுதி ஸ்டாண்டில் ஒட்டிவிடுங்கள்.