டெலஸ்கோப் தூணுக்கு மண்ணுக்கடியில கேபிள் குழாய்: பள்ளத்தை மூடுறதுக்கு முன்னாடி படிங்க

வீட்டுக்குப் பின்னாடி டெலஸ்கோப்புக்குன்னு காங்கிரீட் தூண் போடுறவங்க, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எத்தனை மூட்டை சிமெண்ட்னு நிறைய யோசிக்கிறாங்க, ஆனா வீட்டுலேர்ந்து அங்க கரண்டும் நெட்டும் போற குழாயை மட்டும் கடைசி நாள்ல கையில கிடைக்கிற பைப்ப வெச்சு முடிச்சிடுறாங்க. நானும் அப்படித்தான் பண்ணேன். எங்க வீடு கோவில்பட்டி பக்கம், கரிசல் மண்ணு, கோடையில கை நுழையிற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். அதுல 20 மீட்டர் தோண்டி மூடிட்டு மறுபடியும் தோண்டுறது பெரிய பாடுங்க. ஒயரை எப்ப வேணா மாத்தலாம், பள்ளத்தை அப்படி மாத்த முடியாது.

முதல் தப்பு சின்ன பைப். இன்னிக்கு ரெண்டு ஒயர்தானே போகுதுன்னு ஒரு இன்ச் பைப்ப போட்டா, நாளைக்கு இன்னொரு கேபிள் வேணும்னு வரும்போது வழி இருக்காது. குறைஞ்சது 2 இன்ச், அதுவும் ரெண்டு பைப்பா போடுங்க, ஒண்ணு 230 வோல்ட்டுக்கு, இன்னொண்ணு லேன் கேபிளுக்கு, ரெண்டையும் ஒரே குழாயில விடவே கூடாது. பைப்புக்குள்ள பாதிக்கு மேல காலியா இருக்கணும், அப்பதான் இழுக்க வரும்.

அடுத்தது எல்போ. தண்ணி பைப்புக்குப் போடுற 90 டிகிரி எல்போவ என் எலக்ட்ரீஷியன் தூணடியில மாட்டிட்டாரு, லேன் கேபிள் அங்க வந்து நின்னுச்சு, ரெண்டு பேர் சேந்து இழுத்தோம், வெளிய வந்தப்ப மேல் உறை சுருண்டு உரிஞ்சு, உள்ள இருக்கிற ஜோடி ஒயர் பல்லை இளிச்சுட்டுத் தெரிஞ்சுது. வளைவு பெரிசா இருக்கிற லாங் பெண்ட் போடுங்க, கிடைக்கலன்னா ரெண்டு 45 டிகிரிய நடுவுல ஒரு துண்டு பைப் வெச்சு ஒட்டுங்க. பைப்ப ஒட்டும்போதே உள்ள நைலான் கயிறு விட்டுடணும், ஒவ்வொரு தடவை கேபிள் இழுக்கும்போதும் கூடவே புதுக் கயிறு ஒண்ணு போகணும்.

கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், அந்த இழுப்புல ஜாயிண்ட் விட்டுடும். முடிஞ்சா சுருளா வர்ற ஹெச்டிபிஇ பைப்ப ஜாயிண்டே இல்லாம போடுங்க, சுத்தி நாலு இன்ச் மணல் கொட்டுங்க. ஆழம் ரெண்டரை அடி.

பைப்ப நல்லா ஒட்டிட்டோம், தண்ணி போகாதுன்னு நம்பாதீங்க. ராத்திரி குளிரும்போது உள்ள இருக்கிற காத்துல உள்ள ஈரமே தண்ணியா நிக்கும். அதனால ஒரு பக்கமா சரிவு கொடுத்து, தாழ்ந்த இடத்துல அடியில ஓட்டை போட்டு கீழ ஜல்லிக் குழி விடுங்க. கேபிளும் வெளியில போடுறதுக்குன்னு வர்ற கருப்பு உறை கேபிளா இருக்கணும், சுத்தமான காப்பரா இருக்கணும், அலுமினியத்துல காப்பர் பூசினது ஈரத்துல அரிச்சுப் போயிடும்.

நிறைய பேர் சறுக்குற இடம் 12 வோல்ட். டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்புற மவுண்டுக்கு 12 வோல்ட்தானே, அடாப்டர வீட்டுக்குள்ள வெச்சு அங்கேர்ந்து இழுக்கலாம்னு தோணும். கணக்குப் போடுங்க: 1.5 ஸ்கொயர் காப்பர் ஒயர் ஒரு மீட்டருக்கு 0.012 ஓம், 20 மீட்டர்னா போக வர 40 மீட்டர், கிட்டத்தட்ட அரை ஓம். மவுண்ட், கேமரா, லென்ஸ்ல பனி படியாம சூடு பண்ற பனி ஹீட்டர் எல்லாம் சேந்து 5 ஆம்பியர் இழுத்தா ரெண்டரை வோல்ட் ஒயர்லயே போச்சு, மவுண்டுக்கு ஒம்பதரைதான் வரும். பாதி ராத்திரில நட்சத்திரத்தைப் பின்தொடர்ற டிராக்கிங் தடுமாறினா மவுண்டைத் திட்டாதீங்க, ஒயரைப் பாருங்க. 230 வோல்ட்டையே, கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியா தூண் வரைக்கும் கொண்டு போய் மழை படாத பெட்டிக்குள்ள அடாப்டர வைங்க. பனியில நனைஞ்ச கையோட தொடுற இடம் அது, ஆர்சிசிபியும் எர்த்தும் இல்லாம கரண்ட் கொடுக்கவே கூடாது. யுஎஸ்பியும் இப்படித்தான், 5 மீட்டருக்கு மேல சாதா கேபிள்ல நம்ப முடியாது, தூணடியிலயே ஒரு மினி பிசி வெச்சு லேன்ல பேசிக்கலாம், அது 100 மீட்டர் வரைக்கும் தாங்கும். ஐப்பசி கார்த்திகையில இடி மின்னல் பாக்குற ஊருன்னா லேனுக்குப் பதிலா ஃபைபரே நல்லது, அதுல மின்னல் கரண்ட் ஓடி வந்து வீட்டு ரவுட்டரை எரிக்காது.

குழாய் எந்தப் பக்கம் மேல வருதுங்கறதும் முக்கியம், இதை யாரும் சொல்லித் தரல. எங்க ஊர்ல துருவ நட்சத்திரம் சுமார் 9 டிகிரி உயரத்துலதான் இருக்கு, வாணியம்பாடி பக்கம் வானாய்வுக் கூடம் இருக்கிற காவலூர்லயே பன்னண்டரைதான். அதனால துருவ நட்சத்திரத்தைப் பாத்து வைக்கிற ஈக்குவடோரியல் மவுண்டோட அச்சு கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கும், டெலஸ்கோப்புக்கு எதிர் எடையா வெயிட் மாட்டுற கம்பி தூணோட வடக்குப் பக்கத்தை ஒட்டி நேரா கீழ தொங்கும். வடக்குல குழாய் நீட்டிட்டு இருந்தா வெயிட் வந்து இடிக்கும். தெற்குல ஏத்துங்க, தரையையும் தூணையும் குழாயால இறுக்கிக் கட்டாம ஒரு இன்ச் இடைவெளி விடுங்க, இல்லன்னா நீங்க நடக்கிற அதிர்வு தூணுக்குப் போய் நட்சத்திரம் ஆடும்.

காங்கிரீட் ஊத்துற அன்னிக்குக் குழாய் வாயை பிளாஸ்டிக் கவர் சுத்தி இறுக்கிக் கட்டுங்க. வேலை முடிஞ்சதும் ரெண்டு முனையிலயும் பஞ்சு மாதிரி வர்ற ஸ்டீல் கம்பிய அடைங்க, எலி உள்ள போகாது, அதுக்கு மேல கழட்டுற மாதிரி சீலிங் களிமண் பூசுனா எறும்பும் வராது. மூடுறதுக்கு முன்னாடி டேப்பை விரிச்சு வெச்சு, வீட்டுச் சுவர்லேர்ந்து எத்தனை அடியில குழாய் போகுதுன்னு தெரியிற மாதிரி போட்டோ எடுங்க, ஒரு அடி மண்ணு போட்டதும் மேல எச்சரிக்கை டேப் ஒண்ணு விரிங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த இடத்துலதான் யாராவது முருங்கைக் கம்பு நட கடப்பாறையோட வருவாங்க.