கானாவில் முதல் சிம், முதல் மோமோ: புதிதாகச் செல்பவர்களுக்கான செய்முறை

கானாவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ செல்பவர்கள் இறங்கியதும் முடிக்க வேண்டிய வேலை, கைபேசி எண் வாங்குவது. காய்கறிக் கடையிலிருந்து வீட்டு வாடகை வரை அந்த எண் வழியாகவே பணம் கைமாறுகிறது. எண்ணோடு இணைந்த அந்தக் கைபேசிப் பணப்பையைத்தான் (மொபைல் மணி) அங்கே எல்லோரும் ‘மோமோ’ என்கிறார்கள்.

படி 1: நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்

எம்டிஎன் என்ற கைபேசி நிறுவனத்தில் தொடங்குங்கள் என்பேன். அதன் சந்தை வலிமை அளவுமீறியது என்று நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையமே 2020இல் அறிவித்தது. போட்டிக்கு அது நல்லதல்ல. ஆனால் நீங்கள் பணம் அனுப்பப்போகும் ஆட்களில் பலர் அங்கேதான் இருப்பார்கள். இரண்டாவது சிம்முக்கு டெலிசெல் போதும். முன்பு வோடபோன் என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் அது.

024 என்று தொடங்கும் எண் எம்டிஎன், 020 என்றால் டெலிசெல் என்று சொல்வார்கள். 2011 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிவதால் இதை முழுதாக நம்ப வேண்டாம்.

படி 2: பதிவு செய்யுங்கள்

குடிமக்களின் சிம், ‘கானா கார்டு’ எனும் தேசிய அடையாள அட்டையோடு இணைக்கப்படுகிறது. நீண்ட காலம் தங்கும் வெளிநாட்டவருக்கும் தனி அட்டை உண்டு. முதலில் பாஸ்போர்ட்டுடன் நிறுவனத்தின் சொந்தக் கிளைக்கே செல்லுங்கள். பிறர் பெயரில் பதிவான சிம்மைத் தெருவில் யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். நாளை அதில் இருக்கும் பணத்துக்கு உரிமை கேட்க உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது.

படி 3: *170# பழகுங்கள்

எம்டிஎன் மோமோவின் வாசல் இந்தக் குறியீடு. கிளையிலேயே கணக்கைத் தொடங்கி, ரகசிய எண்ணை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு குறியீட்டை டயல் செய்தால் திரையில் பட்டியல் வரும். எண்ணை அழுத்தி உள்ளே செல்ல வேண்டும். இதற்கு இணையம் தேவையில்லை, சாதாரண பட்டன் போன் போதும். மோமோ ஊர்ப்புறம் வரை பரவியதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். செயலியும் இருக்கிறது, ஆனால் அது இணையத்தை நம்பியது. 2024 மார்ச்சில் கடலடிக் கேபிள்கள் சேதமடைந்தபோது கானாவில் இணையம் பெரிதும் முடங்கியது. எனவே குறியீட்டை முதலில் பழகுங்கள்.

படி 4: பணம் போடுங்கள், அனுப்புங்கள்

சாலையோர மோமோ முகவரிடம் கானாவின் நாணயமான ‘செடி’ நோட்டுகளைக் கொடுத்தால் உங்கள் கணக்கில் ஏற்றிவிடுவார். குறுஞ்செய்தி வந்து, இருப்பையும் சரிபார்த்த பிறகே நகருங்கள்.

அனுப்பும்போது பெறுபவரின் பெயர் திரையில் தோன்றும். அதை நிதானமாகப் படித்துவிட்டு ரகசிய எண்ணை இடுங்கள்; தவறான எண்ணுக்குப் போன பணத்தை மீட்பது பெரும்பாடு. 2018 முதல் ஒரு நிறுவனத்தின் மோமோவிலிருந்து மற்றொன்றுக்கும் நேரடியாக அனுப்பலாம். பழைய வழிகாட்டிகளில் மின்னணுப் பணப் பரிமாற்றத்துக்கு விதித்த ‘ஈ-லெவி’ வரி பற்றிப் படித்திருந்தால் மறந்துவிடுங்கள், 2025இல் அதை நீக்கிவிட்டார்கள். நிறுவனத்தின் கட்டணம் தனி.

படி 5: பணம் எடுங்கள்

முகவரிடம் போகும்போது அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். முகவர் தொடங்கும் கோரிக்கைக்கு உங்கள் போனிலேயே ஒப்புதல் தர வேண்டும். ரகசிய எண்ணை முகவர் கேட்டாலும் சொல்லாதீர்கள், அவர் கையில் போனைக் கொடுத்து அழுத்தச் சொல்லவும் வேண்டாம்.

“தவறுதலாக உங்களுக்குப் பணம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்” என்று அழைப்பு வந்தால் எதையும் அனுப்பாமல் இருப்பைப் பாருங்கள். பெரும்பாலும் வந்திருப்பது போலிக் குறுஞ்செய்தியாகவே இருக்கும். பணம் உண்மையிலேயே வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம். நிறுவனத்திடம் முறையிடுமாறு அழைத்தவரிடம் சொல்லிவிட்டு, நீங்களும் கிளையில் தெரிவித்துவிடுங்கள்.