மன்னார் வளைகுடாவை மீட்கும் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளையும் காக்க 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அவற்றில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இன்று நீருக்கு அடியில் கிடக்கின்றன. பவளக்கல்லை வெட்டி அள்ளியதே அதற்கு முக்கியக் காரணம். இப்போது பவளம் நடவும், கடற்புல் நடவும், பாறையில் சிக்கிய வலையை எடுக்கவும் பலர் முன்வருகிறார்கள். அக்கறை உண்மையானதுதான். ஆனால் முறை தெரியாமல் இறங்கினால் மிஞ்சியிருப்பதும் கெடும்.

கெடுப்பதை நிறுத்தாமல் நடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஓரிடத்தில் கடற்புல் அழிந்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்: இழுவை மடி (படகு இழுத்துச் செல்லும் வலை) தரையைச் சுரண்டியிருக்கும், கலங்கல் வெளிச்சத்தை மறைத்திருக்கும், அல்லது ஊர்க் கழிவுநீர் பாசியை வளர்த்து இலைகளை மூடியிருக்கும். அந்தக் காரணம் தொடரும்போது எத்தனை நாற்று நட்டாலும் நிற்காது. நடுவதற்கு முன், அதே ஆழத்தில் பக்கத்தில் எங்காவது இயற்கையாகப் புல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதற்கு விடை தேட வேண்டும். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று சில வாரங்கள் குறித்து வந்தாலே கலங்கலின் அளவு பிடிபடும். அந்தப் பகுதியில் மடி இழுக்க மாட்டோம் என்று மீனவர்களிடம் ஒப்புதல் பெறாமல் நட்டால், ஒரே இரவில் எல்லாம் போய்விடும்.

கடற்புல் நடவில் நடப்பவை

இலையை மட்டும் பிடுங்கி வந்து நட்டால் பிடிக்காது. தரைக்கடியில் ஓடும் தண்டும், அதன் வளரும் நுனியும், வேரும் சேர்ந்து வர வேண்டும். ஒரே இடத்தில் பாளமாக வெட்டி எடுத்தால் தாய்ப்படுகையில் குழி விழும். அலை அந்தக் குழியை இன்னும் அகலமாக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுப்பதே சரி. எடுத்ததைக் கடல்நீரில் மூழ்கியபடி நிழலில் வைத்து, அன்றே நட்டுவிட வேண்டும்.

கட்டுவதற்கு நைலான் கயிறோ பிளாஸ்டிக் பட்டையோ வேண்டாம். புல் பிடித்த பிறகும் அது கடலிலேயே கிடக்கும். மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு பின்னி, நாற்றுகளை அதில் கட்டித் தரையில் பதிக்கலாம். வேர் ஊன்றிய பிறகு கயிறு தானாக மக்கிவிடும். சட்டம் தரையோடு ஒட்டிப் படிய வேண்டும். தண்டு மண்ணைத் தொடாமல் தொங்கினால் நாற்று அழுகும்.

காலத்தையும் தவறவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவக் காற்றில் மன்னார் வளைகுடா பக்கம் கொந்தளிக்கும், பாக் விரிகுடா பக்கம் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழாகும். ஆகவே இரு பக்கத்துக்கும் ஒரே நடவு அட்டவணை போடுவது தவறு. இன்னொன்று, பார்வைக்கு நன்றாகத் தெரிகிறது என்று நீண்ட இலை வகையை மட்டும் நடுவது. ஆவுளியா எனும் கடற்பசு விரும்பி மேய்வது ஹாலோஃபைலா, ஹாலோடூல் போன்ற சிறிய, மென்மையான வகைகளை. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே எந்தப் புல் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த உயிரின் வாழ்வு.

பாறையில் சிக்கிய வலையைப் படகால் இழுப்பது

இழுத்தால் வலையோடு கிளைப்பவளமும் ஒடிந்து வரும். முக்குளிப்பவர் கத்தரியால் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றாகப் பைக்குள் போட வேண்டும். பவளம் வலைமேல் வளர்ந்து அதை மூடியிருந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, தொங்குவதை மட்டும் வெட்டுங்கள். கோடையில் நீர் சூடேறிப் பவளம் வெளுத்திருக்கும்போது இந்த வேலையே வேண்டாம்.

கரைக்கு வந்த வலைகளை ஒன்றாகக் குவித்தால் மறுசுழற்சிக்கு யாரும் வாங்க மாட்டார்கள். ஒரு துண்டை வாளிக் கடல்நீரில் போட்டு, காற்றுக்குமிழி போகப் பிழிந்து பாருங்கள். தங்கூசி போன்ற நைலான் மூழ்கும். பாலிஎதிலீனும் பாலிபுரோப்பிலீனும் மிதக்கும். வெட்டி வீசிய நைலான் வலை பாறைமேல் போய்ப் படிவதும் இதனால்தான்.

பவளம் நடும்போது

வேகமாக வளர்கிறது என்று கிளைப்பவளத்தை மட்டும் நடுகிறார்கள். 2010, 2016 ஆண்டுகளின் வெப்ப அலையில் அதிகம் அடிபட்டது அந்த வகைதான். உருண்டைப் பவளங்கள் கூடுதலாகத் தாங்கின. இரண்டையும் கலந்து நடுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை, நீர் 30 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் நடவே கூடாது. நல்ல பாறையை ஒடிக்காமல், ஏற்கெனவே உடைந்து உருளும் உயிருள்ள துண்டுகளைப் பயன்படுத்துங்கள். கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவதால், வனத்துறை அனுமதி இல்லாமல் எடுப்பதே குற்றம்.

குருசடைத் தீவில் பவளத்தைப் போர்த்திய கப்பாபைகஸ் பாசியைக் கையால் பிய்த்து நீரிலேயே விடுவதும் பெருந்தவறு. மிதந்து போகும் சிறு துண்டுகூட வேறு பாறையில் ஒட்டி முளைக்கும். பிடுங்கியது முழுவதும் நெருக்கமான வலைப்பையில் கரை சேர வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத மாசு

பிளாஸ்டிக்கைப் பொறுக்குவது தேவைதான், ஆனால் கழிவுநீரின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கண்ணில் படாது. 2019-ல் நாக்டிலூக்கா நுண்ணுயிர் பெருகி நீர் பச்சையானபோது ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து மிதந்தன. ஆக்சிஜனை நண்பகலில், மேல்மட்டத்தில் அளப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பகலில் பாசியே ஆக்சிஜனை வெளியிடும். விடியலுக்கு முன், அடித்தரைக்கு அருகில் அளந்து பாருங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழ் போனால் பெரும்பாலான மீன்களால் அங்கே இருக்க முடியாது.

படகின் அடியில் தேங்கும் எண்ணெய்நீரில் சோப்புத்தூள் போட்டு வெளியேற்றுவதும் வழக்கம். எண்ணெய்ப் படலம் மறையும், எண்ணெய் போகாது. சிறு துளிகளாகி நீருக்குள் இறங்கும். எண்ணெயை உறிஞ்சும் பஞ்சுத்தட்டை அங்கே போட்டு, ஊறியதும் கரையில் உள்ள டிரம்மில் சேர்க்க வேண்டும்.

நட்டதை மட்டும் எண்ணுவது

எத்தனை நட்டோம் என்பதைவிட, எத்தனை பிழைத்தது என்பதே கணக்கு. 1, 3, 6, 12 மாதங்களில் அதே இடத்தில், அதே கோணத்தில் படமெடுத்து எண்ணுங்கள். பக்கத்தில் எதுவும் நடாத சமமான ஒரு பகுதியையும் அதேபோல் எண்ண வேண்டும். அங்கேயும் அதே அளவு புல் தானாக முளைத்திருந்தால், அடுத்த முறை நடவுக்கு வைத்த பணத்தை அந்த இடத்தில் மடி விழாமல் காப்பதற்கும் கழிவுநீரைத் தடுப்பதற்கும் செலவிடுங்கள்.