ஃபெண்டர் ரோலிங்: பின்சக்கரத்தில் கை வைப்பதற்கு முன்

போன மாதம் ஒரு தம்பி தன் ஸ்விஃப்ட்டைக் கொண்டுவந்தார். கம்பெனியிலிருந்து வந்த 185/65 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 205/50 ஆர்16 போட்டிருந்தார். அகலமான டயர் உரசாமலிருக்க, சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகட்டின் (வீல் ஆர்ச்) உள்விளிம்பை மடக்குவதுதான் ஃபெண்டர் ரோலிங். "ரோல் பண்ணியாச்சுங்கண்ணா, ஆனாலும் பின்னாடி ஆள் ஏறினா உரசுதுங்க" என்றார். வீல் ஆர்ச்சுக்குள் விரலை விட்டு மடிப்பு நெடுகத் தடவிப் பார்த்தேன். பெயிண்ட் உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. ஓரிடத்தில் விளிம்பு நன்றாகப் படிந்திருந்தது. அடுத்த அரையடியில் தகடே வெளியே பிதுங்கி அலையடித்து நின்றது. கோவையில் டிங்கரிங் பட்டறை வைத்த புதிதில் நான் செய்த வேலை அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது. தம்பியைத் திட்ட மனசு வரவில்லை.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. இந்த விளிம்பை மடக்கும் உருளைக் கருவியான ரோலரை வாங்கும் அளவுக்கு வந்தவருக்கு அது தெரிந்திருக்கும்.

எங்கே உரசுகிறது என்று பார்க்காமல் மடிப்பது

ஆர்ச்சின் உள்பக்கமாக மடங்கி நிற்கும் விளிம்பைத்தான் நாங்கள் லிப் என்போம். ரோலிங் என்பது அந்த லிப்பை மேல்நோக்கி மடக்கிப் படிய வைப்பது, அவ்வளவுதான். ஆகவே கிடைக்கும் இடமும் லிப்பின் அகலம்தான். நான் கை வைத்த சிறிய கார்களில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர், மிஞ்சினால் 12.

தம்பியின் கணக்கைப் பாருங்கள். டயரின் அகலம் 185 மில்லிமீட்டரிலிருந்து 205 ஆனதால் பக்கத்துக்கு 10 மில்லிமீட்டர் கூடிவிட்டது. ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பதியும் முகத்துக்கும் உள்ள தூரம். புது ரிம்மில் அது 45-லிருந்து 35-க்கு இறங்கியதால் சக்கரமே இன்னொரு 10 மில்லிமீட்டர் வெளியே வந்துவிட்டது. ஆக வெளிப்பக்கம் 20 போயிற்று. மடித்துக் கிடைத்தது 10. டயரின் மொத்த உயரம் பழையதைவிட 1 சென்டிமீட்டர் குறைவாக இருந்தும் உரசுவதற்குக் காரணம் இதுதான். சரியான ஆஃப்செட்டில் ரிம் வாங்கியிருந்தால் ரோலரையே எடுத்திருக்க வேண்டாம்.

லிப்பில் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துவிட்டு, பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றி ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றி இறக்குங்கள். டயரின் தோளில், அதாவது நடுப்பட்டையும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பில், வெள்ளைக் கோடு விழுந்தால் லிப்தான் உரசுகிறது. நடுப்பட்டையில் தேய்மானம் தெரிந்தால் உரசுவது ஆர்ச்சுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனர். உள்பக்கச் சுவரில் தெரிந்தால் சஸ்பென்ஷன். இந்த இரண்டுக்கும் ரோலிங் மருந்தே அல்ல.

பழைய பட்டி மேல் உருட்டுவது

பழைய அடியை நிரப்பப் பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. அப்படிக் காந்தம் ஒட்டாத இடத்தில் ரோலரை வைக்காதீர்கள்.

பெயிண்ட்டைச் சூடாக்காமல் அவசரப்படுவது

குளிர்ந்த பெயிண்ட் வளையாது, வெடிக்கும். ஒருமுறை மார்கழியில் ஊட்டிக்குப் போய், காலை ஏழு மணிக்கு ஒருவர் வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கினேன். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை எடுத்த மறு நிமிடம் தகடு ஆறிவிடும். இரண்டாவது உருட்டிலேயே பெயிண்ட்டின் பளபளப்பு மேல்பூச்சான கிளியர் கோட்டில் நூல் நூலாகக் கீறல் ஓடியது. வெயில் ஏறும்வரை காத்திருந்திருக்க வேண்டும்.

தகடு 60 டிகிரிக்கு வர வேண்டும். வெப்பம் அளக்கும் கருவி இல்லையென்றால் புறங்கையை வையுங்கள். ஒரு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை என்றால் சூடு போதும். கன்னை ஒரே இடத்தில் காட்டினால் பெயிண்ட் கொப்பளித்துவிடும், அசைத்துக்கொண்டே இருங்கள். ஒரு சாண் நீளம் சூடாக்கி, அந்த ஒரு சாணை மட்டும் உருட்டி, அப்புறம் நகருங்கள். ரோலர் கருவியின் நீளும் கையை ஒவ்வொரு சுற்றுக்கும் அரைத் திருப்புக்கு மேல் முறுக்க வேண்டாம். முதலில் லிப் பாதிச் சாய்வுக்கு வரட்டும், மீதி அதற்குப் பிறகு. ஒரே மூச்சில் முறுக்கினால் லிப் மடங்குவதற்குப் பதில் தகடு வெளியே தள்ளும். தம்பி வண்டியில் பார்த்த அலை அப்படி வந்ததுதான்.

பின்பக்கத்தை முன்பக்கம் போல நினைப்பது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இந்தத் தவற்றைப் பார்க்கும்போதுதான்.

முன் ஃபெண்டர் ஒற்றைத் தகடு. போல்ட்டில் நிற்கிறது. கெட்டுப்போனால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம். பின்னால் இருப்பது குவார்ட்டர் பேனல், வண்டியின் உடம்போடு வெல்டிங் ஆனது. அங்கே லிப் என்று நீங்கள் தொடுவது பெரும்பாலான கார்களில் ஒற்றைத் தகடாக இருக்காது. வெளித்தகடும் உள்ளே இருக்கும் வீல் ஹவுஸ் தகடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் புள்ளி புள்ளியாக (ஸ்பாட்) வெல்டு செய்யப்பட்ட இணைப்பு அது. இடைவெளிக்குள் தண்ணீர் இறங்காமலிருக்க கம்பெனியில் சீலர் போட்டிருப்பார்கள். மடக்கும்போது இரண்டு தகடும் ஒரே அளவில் நகராது. நடுவில் சீலர் பிளக்கும். வெளியே ஒரு கீறல் இல்லாமல், பளபளவென்று இருக்கும். கைகுலுக்கிக் காசு வாங்கி அனுப்பிவிடுவோம்.

நானும் அப்படித்தான் ஒரு சில்வர் நிற செடானை அனுப்பினேன். வண்டி இருந்தது தூத்துக்குடியில். உப்புக் காற்று, போதாததற்கு ஐப்பசி கார்த்திகை மழை. இரண்டாவது மழைக்காலம் முடிந்து உரிமையாளர் வந்தார். ஆர்ச்சுக்கு மேலே அரை அங்குலத்தில் கடுகு சிதறினாற்போலச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒன்றை அழுத்தினேன். முனை சத்தமே இல்லாமல் உள்ளே போய்விட்டது. வெளியே தெரிந்தது கடுகளவு, உள்ளே இரண்டு தகடும் ஒரு சாண் நீளத்துக்குப் பொடியாகியிருந்தன. துரு உள்ளிருந்து வெளியே வருகிறது, அதனால்தான் கண்ணில் படும்போது காலம் கடந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் வெட்டி, வேறு தகடு வைத்து வெல்டு செய்து, முழுக் குவார்ட்டருக்கும் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். செலவு முழுவதும் என்னுடையது. அந்த மனிதர் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இதைத் தவிர்க்க ஒரு நாள் போதும். மடித்து முடித்ததும் டார்ச் அடித்து மடிப்பின் உள்பக்கம் முழுவதும் பாருங்கள். வெடித்த பழைய சீலரைச் சுரண்டி எடுங்கள். வெறும் இரும்பு தெரியும் இடமெல்லாம் துருத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்சி பிரைமர். காய்ந்த பிறகு மடிப்பு நெடுகப் புது சீலரை விரலால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள், இடுக்குக்குள் போக வேண்டும். அதன்மேல் பெயிண்ட். கடைசியாக டிக்கிப் பக்கமிருந்து இரண்டு தகடுகளுக்கு நடுவே துருவைத் தடுக்கும் மெழுகான கேவிட்டி வாக்ஸ் அடியுங்கள். பின் லிப்பைத் தட்டையாகப் படிய வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. டயருக்குத் தேவையான அளவு சாய்ந்தால் நிறுத்திவிடுங்கள். முழுவதும் நசுக்கிய மடிப்புக்குள் சீலர் எப்படிப் போகும்?

பம்பர் ஸ்க்ரூ

ஆர்ச் முடியும் மூலையில் பம்பரைப் பிடிக்கும் ஸ்க்ரூ ஒன்று இருக்கும். லிப்பை மடித்துவிட்டு அதை மறந்தால் அதன் கூர்முனை டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். குட்டையான ஸ்க்ரூ போடுங்கள்.

ஆர்.சி. புத்தகம்

பதிவான விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை ஒருமுறை படித்துவிட்டு ரிம் வாங்குங்கள்.

தம்பியின் ஸ்விஃப்ட்டுக்கு ஆஃப்செட் 45-இல் வேறு ரிம் பார்த்துக் கொடுத்தேன். இடது பின்பக்கத்தை நான் சுரண்டிச் சீலர் போட்டேன், வலது பக்கத்தை அவரையே செய்ய வைத்தேன். மதியத்துக்குள் முடிக்கலாம் என்று வந்தவர், இருட்டும்வரை டார்ச்சோடு படுத்துக் கிடந்தார். கார்த்திகை கழிந்ததும் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு சக்கரத்தையும் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும்.