ஆர்கேடிலிருந்து கழித்த டான்ஸ் பேடை வீட்டுக் கணினியில் ஓட வைப்பது எப்படி?

திரையில் வரும் அம்புகளுக்கேற்பக் காலால் மிதித்து ஆடும் விளையாட்டாக, கொனாமி நிறுவனம் 1998-இல் ஜப்பானில் இறக்கிய டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் எந்திரங்களில், பெரும்பாலும் முதலில் கண்ணை மூடுவது திரை. இல்லாவிட்டால் உள்ளே விளையாட்டை ஓட்டும் சிஸ்டம் 573 போர்டு. காலுக்குக் கீழே கிடக்கும் இரும்பு மேடை, அதாவது டான்ஸ் பேட், மட்டும் அவ்வளவு எளிதில் சாகாது. அதனால்தான் எந்திரம் கழிவுக்குப் போகும்போது மேடையை மட்டும் தனியாகக் கழற்றி விற்கிறார்கள். வீட்டில் விரிக்கும் ரெக்ஸின் பாயில் ஆடி அலுத்தவர்களுக்கு இது பெரிய வரம்.

வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "இதை எப்படிக் கணினியோடு இணைப்பது?" என்றுதான். உண்மையில் அது சின்ன வேலை. சால்டரிங் பிடிக்கத் தெரிந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். நேரமும் பொறுமையும் கேட்பது, மிதிக்கும் அம்புப் பலகையான பேனலுக்கும் அதன் கீழே மிதியை உணரும் சென்சாருக்கும் நடுவே இருக்கும் அந்த மயிரிழை இடைவெளி. ஆகவே இந்தக் கட்டுரையில் மின்னணுவைச் சுருக்கியும், அந்த இடைவெளியை டேப் ஒட்டிச் சரிசெய்யும் வேலையை விரித்தும் எழுதப் போகிறேன்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மேல், கீழ், இடம், வலம் என நான்கு அம்புகள் இருந்தால் அது டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் வகை. 2005-இல் வந்த இன் த குரூவ் 2 எந்திரத்தின் மேடைக்கும் இதே அமைப்புதான். நடுவில் ஒன்றும் மூலைகளில் நான்குமாக ஐந்து பேனல் இருந்தால் அது கொரியாவின் ஆண்டமிரோ செய்த பம்ப் இட் அப். கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும், ஆனால் நான் எழுதுவது நான்கு அம்புக்காரர்களுக்கு.

இரும்புச் சட்டம் வளைந்திருக்கிறதா, பேனல் உட்காரும் விளிம்பில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பேனலில் கீறல் இருந்தால் கவலை வேண்டாம், விரிசல் இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். சென்சார் சில செத்திருந்தாலும் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். வளைந்த சட்டத்தை வீட்டில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பின்னால் பிடித்துக்கொள்ளும் கம்பியும் சேர்ந்து வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். அது இல்லாத மேடையில் கடினமான பாட்டுகளை ஆட முடியாது என்பது என் கட்சி. சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இன்னொன்று, தனியாளாகத் தூக்க நினைக்காதீர்கள். மாடிப்படி இருந்தால் குறைந்தது மூன்று பேர்.

கழற்றுதல்

அம்புப் பேனலை மூலைகளில் அழுத்திப் பிடித்திருக்கும் சிறு உலோகத் தகடுகளை ஆலன் கீயால் கழற்றினால் பேனல் மேலே வந்துவிடும். இருபது ஆண்டு வியர்வையும் தூசியும் குடித்த ஸ்க்ரூ என்பதால் சில அசையாது. துரு இளக்கும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, இரவு முழுக்க விட்டுவிட்டு மறுநாள் திருகுங்கள். அவசரப்பட்டுத் தலையை வழுக்க விட்டால் அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரித் தூசி, கூந்தல் கிளிப், செருப்படி மணல், சில்லறைக் காசு எல்லாம் கிடக்கும். வாக்குவம் போட்டு எடுத்தபின் நான்கு விளிம்புகளையும் கவனியுங்கள். ஒவ்வொரு விளிம்பிலும் நீளவாக்கில் ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அதுதான் சென்சார். ரப்பருக்குள் இரண்டு மெல்லிய கடத்தும் பட்டைகள் தொடாமல் கிடக்கின்றன. பேனல் மேலிருந்து அழுத்தினால் தொட்டுக்கொள்ளும். அவ்வளவுதான். ஒரு அம்புக்கு நான்கு, ஒரு மேடைக்குப் பதினாறு. பார்ப்பதற்குப் பிரம்மாண்டமாக இருக்கும் இந்த மேடை, கணினியின் கண்ணுக்குப் பதினாறு காலிங் பெல் பொத்தான்கள்.

பேனலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் மட்டும் துடையுங்கள். ஆல்கஹாலோ கண்ணாடி துடைக்கும் திரவமோ பட்டால் அக்ரிலிக்கில் நுண்ணிய விரிசல் ஓடும்.

பழைய மேடையில் அம்புக்குக் கீழே ட்யூப் விளக்குகள் இருக்கும். அதை எரியவைக்கும் இன்வெர்ட்டர் பல நூறு வோல்ட் வெளியே தரும். முதல் வேலையாக அதைக் கழற்றி ஓரமாக வையுங்கள். வெளிச்சம் வேண்டும் என்றால் 12 வோல்ட் எல்இடி பட்டையும் ஒரு அடாப்டரும் போதும். கேபினட்டிலிருந்து வந்த பவர் சப்ளையை நம் ஊர் 230 வோல்ட்டில் செருகிப் பார்க்கும் ஆசையே வேண்டாம். ஜப்பான் எந்திரங்கள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை.

சென்சார் சோதனை

மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, சென்சாரின் இரண்டு வயரிலும் முனைகளைத் தொடுங்கள். சும்மா இருக்கும்போது சத்தம் வரக்கூடாது. பட்டையின் நீளம் முழுக்க விரலால் அழுத்திக்கொண்டே போனால் எல்லா இடத்திலும் பீப் வர வேண்டும். அழுத்தாமலே கத்தினால் உள்ளே நசுங்கி ஒட்டிக்கொண்டது என்று பொருள். எங்கே அழுத்தினாலும் மௌனம் என்றால் உள்ளே அறுந்திருக்கலாம், ஆனால் உடனே தூக்கிப் போடாதீர்கள். வயர் ரப்பரிலிருந்து வெளியே வரும் இடத்தை மெல்ல ஆட்டிப் பாருங்கள். மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் முறிந்திருக்கும். அந்த இடத்தைச் சீவி மறுபடி சால்டர் வைத்தால் உயிர் வந்துவிடும்.

ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, இடது அம்பு மேல் விளிம்பு, இடது அம்பு வலது விளிம்பு என்று எழுதிவிடுங்கள். பின்னால் என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

வயரிங்

சென்சார் வயர்கள் எல்லாம் மேடைக்குள்ளேயே இருக்கும் ஒரு போர்டுக்குப் போகின்றன. அந்தப் போர்டு எந்திரத்திலிருந்து தொடக்கச் சைகை வந்தால்தான் ஒழுங்காகப் பேசும். அதைப் போலி செய்து பேச வைத்தவர்களும் இருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவதே நல்லது. போர்டை எறியாமல் எடுத்து வையுங்கள், பழைய எந்திரத்தைப் பழுது பார்ப்பவர்களுக்குத் தேவைப்படும். வயரை வெட்டும்போது பிளக்கோடு ஒரு சாண் நீளம் விட்டு வெட்டினால் என்றாவது திருப்பி இணைக்கலாம்.

போர்டுக்குப் பதில் நமக்கு வேண்டியது ஒரு ஆர்டுயினோ லியோனார்டோ, நாமே புரோகிராம் எழுதி ஏற்றக்கூடிய ஒரு சின்னப் போர்டு. அதே குடும்பத்தின் யூனோவை வாங்காதீர்கள். லியோனார்டோவில் இருக்கும் சிப் யூஎஸ்பியை நேராகப் பேசும், கணினி அதை ஜாய்ஸ்டிக்காகவே ஏற்றுக்கொள்ளும். அதில் வயர் இணைக்க 20 பின்கள் உண்டு. பதினாறு சென்சாருக்குப் போக நான்கு மிஞ்சும். அவற்றில் மெனுவுக்கு இடம், வலம், ஸ்டார்ட், பேக் என நான்கு பொத்தான்கள் வைத்துக்கொள்ளலாம்.

எல்லா சென்சாரின் ஒரு வயரையும் சேர்த்து கிரவுண்டில் இணையுங்கள். மற்ற வயர் ஒவ்வொன்றும் தனித்தனி பின்னுக்கு. ஒரு அம்பின் நான்கு சென்சாரையும் முறுக்கி ஒரே பின்னில் கொடுக்கலாமே என்று தோன்றும். வேலை செய்யும், வயரும் மிச்சம். ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு சென்சார் ஒட்டிக்கொண்டால் அம்பு முழுக்க அழுந்தியபடியே நிற்கும், நான்கில் எது என்று தேட மேடையைப் பிரிக்க வேண்டும். தனித்தனியாகக் கொடுத்திருந்தால் கணினியிலேயே தெரியும், அதை மட்டும் புரோகிராமில் அணைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம்.

புரோகிராம்

ஜாய்ஸ்டிக்குக்கான ஆர்டுயினோ நூலகம் ஆயத்தமாகக் கிடைக்கிறது, எடுத்துக்காட்டும் கூடவே வரும். அதில் நீங்கள் மாற்ற வேண்டியவை கொஞ்சம்தான்.

எல்லாப் பின்களையும் சிப்பின் உள்ளேயே இருக்கும் புல்-அப்போடு (பின்னைச் சும்மா இருக்கும்போது ஒன்றில் நிறுத்தும் மின்தடை) உள்ளீடாக வையுங்கள். அப்போது மிதிக்காத சென்சார் ஒன்று என்றும், மிதித்தது பூஜ்யம் என்றும் படிக்கும். ஒரு அம்பின் நான்கில் எது பூஜ்யமானாலும் அந்த அம்பின் பொத்தான் அழுந்தியதாகக் கணக்கு.

அம்புகளைப் பொத்தானாகவே அனுப்புங்கள். இடம்-வலத்தை ஜாய்ஸ்டிக்கின் அச்சாக அனுப்பினால், இரண்டு காலும் ஒரே நேரத்தில் இடத்திலும் வலத்திலும் விழும்போது ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு நடுவில் நிற்கும். நடன விளையாட்டில் ஜம்ப் எனப்படும் அந்த இரட்டை மிதி அடிக்கடி வரும். "ஜம்ப் மட்டும் வேலை செய்யவில்லை" என்று புலம்புகிறவர்களில் பலருடைய சிக்கல் இதுதான்.

புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பின் கடைசியில் பத்து மில்லிசெகண்ட் தாமதம் போடும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். இன் த குரூவ் விளையாட்டின் மிக உயர்ந்த மதிப்பெண்ணுக்குக் கால் விழ வேண்டிய எல்லை, சரியான நொடிக்கு முன்னும் பின்னும் சுமார் 21.5 மில்லிசெகண்ட்தான். அதில் பாதியை நாமே தின்னக்கூடாது. நூலகம் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியாகத் தகவல் அனுப்புவதை நிறுத்திவிட்டு, ஒரு சுற்றுக்கு ஒரு முறை மொத்தமாக அனுப்பச் சொல்லுங்கள். மிதியை உடனே ஏற்றுக்கொள்ளுங்கள். காலை எடுப்பதை மட்டும் 5 மில்லிசெகண்ட் பொறுத்து உறுதி செய்யுங்கள். ரப்பர் அதிர்ந்து ஒரு மிதி இரண்டாகப் பதிவாவது நின்றுவிடும்.

இனிதான் வேலை

பேனலை வைத்து, தகடுகளை மாட்டி, ஏறி மிதித்தால் பாதிப் பேருக்கு ஒன்றும் நடக்காது. பேனல் சட்டத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு சென்சாரைத் தொடாமல் நிற்கும். அல்லது மூலையில் மிதித்தால் மட்டும் பதிவாகும். அமெரிக்க ஆட்டக்காரர்கள் பேனலுக்குக் கீழே சில்லறைக் காசு வைத்து இதைச் சமாளித்தார்கள். பென்னி மாட் என்று பெயரே உண்டு. காசு கொஞ்சம் முரட்டு வைத்தியம். நமக்கு சாதாரண இன்சுலேஷன் டேப் போதும்.

பேனலைக் கவிழ்த்து, சென்சார் படும் நான்கு விளிம்பிலும் ஒரு அடுக்கு டேப்பை நீளமாக ஒட்டுங்கள். நிமிர்த்தி, தகடுகளை மாட்டாமல் வையுங்கள். விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் சோதனைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விளிம்பையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். உடம்பைச் சாய்த்து அமுக்கினால்தான் விளக்கு எரிகிறது என்றால் அந்த விளிம்பில் மட்டும் இன்னொரு அடுக்கு. தொடாமலே எரிந்தால் ஒரு அடுக்கை உரித்துவிடுங்கள். நான்கு விளிம்புக்கும் ஒரே எண்ணிக்கை வரவே வராது. சட்டம் அங்கங்கே லேசாகத் தாழ்ந்திருக்கும், ரப்பரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. ஒரு பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் நான்கு என்று முடிந்தால் அது இயல்பே.

கையால் அழுத்தும் சோதனை சரியாக வந்தபின் தகடுகளை மாட்டுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கால் சுற்று திருகி, திரையைப் பார்த்து, மறுபடி கால் சுற்று. எந்த இடத்தில் அம்பு தானாக எரிகிறதோ அங்கிருந்து அரைச் சுற்று பின்னால் வந்து நிறுத்துங்கள். முடுக்கி முடுக்கி இறுக்குவதுதான் புதியவர்கள் கெடுப்பது. தகட்டின் வேலை பேனல் மேலே எழாமல் தடுப்பது, கீழே அமுக்குவது அல்ல.

அப்புறம் ஏறி நின்று மெதுவாக நடங்கள். ஷூ நுனியால், குதிகாலால், பேனலின் நடுவில், விளிம்பில். நடுவில் மிதிப்பதும் பதிவாக வேண்டும். பேனல் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் சதுரம், ஆட்ட வேகத்தில் கால் விளிம்பைத் தேடிக்கொண்டிருக்காது. கடைசியாக, நடுவில் இருக்கும் இரும்புத் தகட்டிலிருந்து காலைத் தூக்காமல் சறுக்கி அம்புக்குப் போங்கள். ஷூ தட்டினால் பேனல் உயரமாகிவிட்டது, டேப்பைக் குறைக்க வேண்டும்.

விளையாட்டு

கணினியில் ஓடும் நடன விளையாட்டான ஸ்டெப்மேனியா இலவசம், திறந்த மூலம். அதிலிருந்து பிரிந்த ஐடிஜிமேனியாவை இப்போது தொடங்குகிறவர்களுக்குச் சொல்வேன். உள்ளே விசை அமைப்புப் பக்கத்தில் ஒவ்வொரு அம்புக்கும் அதன் பேனலை மிதித்துப் பதிவு செய்யுங்கள். மெனு பொத்தான்களுக்கும் அப்படியே. பிறகு ஒலி-காலடி ஒத்திசைவுச் சோதனையை ஒருமுறை ஓட்டிவிடுங்கள், டிவியில் ஆடுகிறவர்கள் கட்டாயம். டிவியின் கேம் மோடும் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் தாமதமாக வந்து உங்கள் காலைக் குறை சொல்லும்.

மேடைக்குக் கீழே உடற்பயிற்சிக்கூடத்தில் போடும் தடித்த ரப்பர் பாயை விரியுங்கள். வழுக்குவதும் நிற்கும், கீழ்வீட்டுக்காரரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார். கம்பியை மேடையோடு சேர்த்தே போல்ட் போடுங்கள், தனியே நிற்கவிட்டால் பின்னால் சாயும்போது அதுவும் கூடவே வரும்.

முதல் சில வாரம் டேப் அமுங்கும். ஒரு அம்பு மந்தமானால் அந்தப் பேனலை மட்டும் திறந்து ஒரு அடுக்கு சேருங்கள். இதுவும் சலித்துப்போனால் ரப்பர் சென்சாருக்குப் பதில் அழுத்தத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் எஃப்எஸ்ஆர் பட்டைகளைப் போடலாம். எவ்வளவு அழுத்தினால் மிதி என்று கணக்கிடுவதைக் கணினியிலிருந்தே மாற்ற முடியும், ஆலன் கீயை அவ்வளவாகத் தேட வேண்டியிருக்காது. அதன் வயரிங் வேறு மாதிரி. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு ரெசிஸ்டரும் அனலாக் பின்னும் வேண்டும். லியோனார்டோவில் அனலாக் பின் 12-தான், பதினாறு பட்டைக்குப் பற்றாது.