ஆறு வாரமாகியும் ஆறாத சிவப்புக் கண்

சிவந்த கண்ணோடு வருகிற எல்லாரையும் 'மெட்ராஸ் ஐ' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். நானும் அனுப்பியிருக்கிறேன். இப்போதுதான் கண் மருத்துவத்துக்குள் வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஓர் இளைஞர் கேரி பேக்கிலிருந்து ஐந்து சொட்டு மருந்துக் குப்பிகளை எடுத்து என் மேசையில் வரிசையாக வைத்தார். ஆறு வாரமாக வலது கண் மட்டும் சிவப்பு. காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது, பீளை கொஞ்சம்தான். மெட்ராஸ் ஐ வைரஸால் வருவது. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கிவிடும். அதைத் தாண்டியும் கண் சிவந்தே இருந்தால், பாலுறவு வழியாகப் பரவும் கிளமிடியா என்ற பாக்டீரியாவை நினையுங்கள்.

முதலில் அதே பக்கக் காதுக்கு முன்னால் தடவிப் பாருங்கள். சின்னதாக நெறி கட்டியிருக்கலாம். வைரஸிலும் கட்டும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அப்புறம் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பில் உட்காரவைத்து, மேலே பார்க்கச் சொல்லி, கீழிமையை நன்றாக இழுங்கள். மடிப்பில் வெந்த ஜவ்வரிசியைப் பதித்தது போல மணிகள் தெரியும். ஒவ்வொன்றின் நடுவும் வெளிறியிருக்கும், ரத்தக் குழாய் ஓரத்தைச் சுற்றிப் போகும். குழாய் நடுவில் சிவப்புப் புள்ளியாக நின்றால் அது வேறு வகைப் புடைப்பு. ஒவ்வாமையில் அப்படித்தான் இருக்கும்.

மேலிமையையும் புரட்டுங்கள். அங்கே நடுப்பகுதியில் அரை மில்லிமீட்டருக்குக் குறையாத மணிகள் குறைந்தது ஐந்து இருந்தால், கிளமிடியாவே உண்டாக்கும் டிரக்கோமா என்ற கண் நோயின் கணக்கில் வரும். இந்தியாவில் அது இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் அறிவித்தது. ஆனால் அதே கிருமியின் வேறு ரகங்கள் பிறப்புறுப்பிலிருந்து கை வழியாகக் கண்ணுக்கு வருவது நிற்கவில்லை.

மாதிரி எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இந்தக் கிருமி செல்லுக்குள்ளேதான் வாழும். பீளையை எடுத்து அனுப்பினால் லேபுக்கு ஒன்றும் கிடைக்காது. மரத்துப்போகும் சொட்டு போட்டு, பீளையைத் துடைத்துவிட்டு, பாலியஸ்டர் நுனியும் பிளாஸ்டிக் தண்டும் உள்ள ஸ்வாபை இமையின் உட்புறத்தில் அழுத்தி உருட்டுங்கள். மரக்குச்சியில் பஞ்சு சுற்றியது வேண்டாம். நோயாளி லேசாக முகம் சுளிக்கும் அளவுக்கு அழுத்தம் இருக்கட்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்குக் கண் மாதிரியை வாங்குவார்களா என்று லேபில் முன்கூட்டியே கேளுங்கள். ஏற்கெனவே போட்ட ஆன்டிபயாடிக்கைச் சீட்டில் குறித்து அனுப்புங்கள்.

அடுத்தது பேச்சு. கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "தம்பி, இதை எல்லாரிடமும் கேட்பேன். சிறுநீர் போகும்போது எரிச்சல் இருக்கிறதா?" என்று தொடங்குங்கள். அந்த ஐந்து குப்பி இளைஞர் "இல்லை டாக்டர்" என்றார். அறிகுறியே இல்லாமலும் இது இருக்கும் என்று விளக்கிய பிறகுதான் சிறுநீர்ப் பரிசோதனைக்குச் சம்மதித்தார். கண், சிறுநீர் இரண்டிலும் கிளமிடியா. சொட்டு மருந்து மட்டும் இதற்குப் போதாது, மாத்திரை வேண்டும், துணைக்கும் வேண்டும்.

பச்சிளங்குழந்தை என்றால் பிறந்து எத்தனை நாள் என்று எண்ணுங்கள். பிறந்து 5 முதல் 14 நாளுக்குள் கண் வீங்கிப் பீளை தள்ளினால் கிளமிடியாவாக இருக்கலாம். முதல் ஐந்து நாளுக்குள் சீழ் கொட்டினால், பாலுறவு வழியாகப் பரவும் இன்னொரு பாக்டீரியா நோயான கொனோரியாவாக இருக்கலாம். கருவிழியையே ஓட்டையாக்கிவிடும், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். ஜவ்வரிசி மணிகளைப் பச்சிளங்குழந்தையிடம் தேடாதீர்கள், அந்தத் திசு இன்னும் வளர்ந்திருக்காது. இமையிலிருந்து சுரண்டிய செல்களை ஜீம்சா சாயத்தில் பார்த்தால், உட்கருவை ஒட்டித் தொப்பி போட்டது போலக் கிளமிடியாக் கூட்டம் தெரியும். பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் இந்தச் சோதனை நன்றாகவே கைகொடுக்கும்.

குழந்தைக்கு இருமல் இருக்கிறதா, வேகமாக மூச்சு விடுகிறதா என்றும் கேளுங்கள். கிளமிடியா நுரையீரலுக்கும் போகும். அம்மாவிடம் பேசும்போது மாமியாரை வெளியே உட்காரவையுங்கள். அம்மாவுக்கும் குழந்தையின் அப்பாவுக்கும் அன்றைக்கே பரிசோதனைச் சீட்டு எழுதிக் கையில் கொடுங்கள்.