முதன்முறையாக வீட்டில் விஷுக்கனி வைக்கிறீர்களா?

சித்திரை ஒன்றாம் தேதி (பெரும்பாலும் ஏப்ரல் 14) விஷு அன்று, கண் விழித்ததும் முதலில் கனியை, அதாவது பழமும் பூவும் நாணயமும் அடுக்கிய தட்டைக் காண்பது குமரி மாவட்டத்து வழக்கம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் இது. அதனால் கனி காணலும் கைநீட்டமும் (பெரியவர்கள் கையில் காசு கொடுப்பது) இங்கே பல வீடுகளில் இன்றும் உண்டு. புதிதாகத் தனிக்குடித்தனம் வந்தவர்களும் தாராளமாகச் செய்யலாம்.

முந்தின நாள் மாலை

கொன்றைப்பூதான் முதல் வேலை. சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்பதால் கொத்தாக ஒடித்து, காம்பைத் தண்ணீரில் வையுங்கள். பக்கத்து வீட்டில் மரம் நின்றால் கேட்டு வாங்குங்கள். கனி காண அவர்களையும் கூப்பிட அதுவே நல்ல சமயம். மாங்காய், மஞ்சள் வெள்ளரி, மட்டி வாழைப்பழம், சின்னதாக ஒரு சக்கை (பலா), தேங்காய், வெற்றிலை பாக்கு, கோடி வேட்டி, சில்லறை நாணயம் எல்லாம் எடுத்து வையுங்கள். விலை கொடுத்து வாங்கியதைவிட நம் தோட்டத்தில் காய்த்ததுதான் கனிக்கு அழகு. சக்கைக் காம்பில் பால் வடிந்தால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுங்கள். இல்லையென்றால் கனி வைக்கிற உருளியெல்லாம் (அகன்ற வெண்கலப் பாத்திரம்) பிசின்தான்.

இரவு, எல்லோரும் படுத்தபின்

உருளியில், இல்லாவிட்டால் தாம்பாளத்தில், பச்சரிசியைப் பரப்பிப் பழங்களை அடுக்குங்கள். பின்னால் கண்ணாடியைச் சற்றுச் சாய்த்து நிறுத்தி, அதன் மேல் பூ விழுகிற மாதிரி வையுங்கள். அப்புறம் தரையில் உட்கார்ந்து பாருங்கள். பூவும் பழமும் நாணயமும் நம் முகமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். வீட்டிலேயே சின்னப் பிள்ளையின் உயரத்துக்குக் கண்ணாடியைச் சரி செய்யுங்கள், பெரியவர்கள் குனிந்து பார்த்துக்கொள்ளலாம். குத்துவிளக்கு ஒரு பக்கமாக இருக்கட்டும், சுடர் கண்ணாடியில் அடித்தால் கண் கூசும்.

விடியற்காலை

விளக்கேற்றுகிறவர் முதலில் கனி காண்பார். பிறகு ஒவ்வொருவரையும் கண்ணை மூடிக் கூட்டி வர வேண்டும். பார்த்து முடித்ததும் மூத்தவர் கைநீட்டம் கொடுப்பார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து நாணயம் வைத்திருங்கள். ஒரு ரூபாய் என்றாலும் எந்தப் பிள்ளையும் விட்டுப்போகக் கூடாது.

சக்கைப் பிரதமன்

இது பலாப்பழப் பாயசம். அரைக்கிலோ வருக்கைப் பலாச் சுளைக்கு அரைக்கிலோ வெல்லம், இரண்டு பெரிய தேங்காய். சுளையைக் கொட்டை நீக்கி வேகவைத்து மசித்து, நெய்விட்டு நன்றாக வதக்குங்கள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, உருளியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறுங்கள். தேங்காயின் இரண்டாம் பால் விட்டுக் கொதிக்கட்டும். குறுகியதும் தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றிக் கலக்கி, உடனே இறக்குங்கள். அது கொதித்தால் திரிந்துவிடும். சுக்கு, ஏலப்பொடி, நெய்யில் சிவக்க வறுத்த தேங்காய்ப் பல் கடைசியில்.

இறக்கியதும் முதல் தூக்குவாளி பக்கத்து வீட்டுக்குப் போகட்டும். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் அங்கிருந்து நமக்கு வருகிறதே. கனியில் வைத்த வெள்ளரி மறுநாள் பச்சடிக்கு ஆகும், அரிசியைச் சோறு பொங்கலாம். சக்கை பழுத்ததும் வெட்டி, சுளையைப் பங்கு வைத்துக் கொடுங்கள்.